லாப்லாலி: ஒரு கப்பல் சொல்லும் என் கஞ்சிச் சட்டியும்

என் வேலைக்கு என்ன பேர் என்று கேட்டால் இன்னமும் எனக்குச் சட்டென்று சொல்ல வராது. சேர்ந்தபோது ஆயா என்றார்கள். அப்புறம் வந்த மேனேஜர் அட்டெண்டர் என்று எழுதினார். நான் வேலையை விட்டு நிற்கும் சமயத்தில் கழுத்தில் மாட்டிய அட்டையில் ‘கேர் கிவர்’ என்று இருந்தது. இவை போக எனக்கு ஒரு கப்பல் பேரும் உண்டு. அது எந்த அட்டையிலும் ஏறவில்லை. அதை எனக்கு வைத்தவர் ஏகாம்பரம் அண்ணன்.

போன மாதம் நான் வேலை பார்த்த நோயாளிகள் இல்லத்திலிருந்து ஜெனிபர் என் வீட்டுக்கு வந்தாள். நான் பார்த்த வேலையை இப்போது அவள் பார்க்கிறாள். விழுங்க முடியாதவர்களுக்காக டப்பாவில் ஒரு மாவு வருகிறதாம். தண்ணீரில் ஒரு ஸ்பூன் போட்டால் தானாகக் கெட்டியாகிவிடுமாம். “டப்பா வர்றதுக்கு முன்னாடி நீங்க அளவை எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்டாள். “காதால” என்றேன். அவள் சிரித்துவிட்டு, “எழுதிக் குடுங்க, நோட்டீஸ் போர்டுல ஒட்டிடறேன்” என்றாள்.

எனக்கு நாலு பேர் எதிரில் பேச வராது. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால்தான் ஒத்துக்கொண்டேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்த எழுத்து. பிழைகளை ஜெனிபர் திருத்துவாள்.

எங்கள் இல்லம் சேலையூரில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. இருபத்திரண்டு கட்டில். நான் சேர்ந்து முதல் இரண்டு வருஷம் பெட்பேனும் துணியும் விரிப்பும்தான். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. மூன்றாம் வருஷம் எஸ்தர் அம்மா என்னைக் கஞ்சிக்கு மாற்றினார்.

எஸ்தர் அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்று எங்கள் இல்லத்துக்கு மேட்ரனாக வந்தவர். வெள்ளைப் புடவை, தோளில் ஊக்குக் குத்தித் தொங்கவிட்ட சின்னக் கடிகாரம். சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. ஒரு தப்பைப் பார்த்தால் பக்கத்தில் வந்து நிற்பார். அவ்வளவுதான். நாமாகவே என்ன தப்பு என்று தேட ஆரம்பித்துவிடுவோம். நன்றாகச் செய்தால் பாராட்டும் கிடையாது. அன்றைக்குப் பக்கத்தில் வந்து நிற்கமாட்டார், அதுதான் பாராட்டு.

பக்கவாதம் வந்தவர்களில் சிலருக்குத் தொண்டை பிசகிப்போகும். நாம் குடிக்கிற தண்ணீர் அவர்களுக்கு விஷம் மாதிரி. வயிற்றுக்குப் போகாமல் மூச்சுக் குழாயில் இறங்கி நெஞ்சில் தங்கிவிடும். இரண்டு நாளில் ஜுரம் வரும். கெட்டியாக இருந்தால் மெதுவாகப் போகும், தொண்டைக்கு மூச்சு வழியை மூட நேரம் கிடைக்கும். ரொம்பக் கெட்டியானால் அடைத்துக்கொள்ளும். இதை எனக்குப் புரிகிற மாதிரி சொல்ல எஸ்தர் அம்மா ஒரு காகிதத்தில் இரண்டு குழாய் வரைந்து காட்டினார். அந்தக் காகிதம் ரொம்ப நாள் என் பையில் இருந்தது.

புழுங்கலரிசியை வறுத்து, மாவாக அரைத்து, இரண்டு தரம் சலிக்க வேண்டும். ஒரு குருணைகூட நிற்கக் கூடாது. தண்ணீரில் கரைத்துச் சின்னத் தீயில் வைத்துக் கைவிடாமல் கிண்ட வேண்டும். முதலில் சட்டி ஓரத்தில் இரைச்சல் மாதிரி ஒரு சத்தம் வரும். அப்புறம் சின்னச் சின்னக் குமிழி சடசடக்கும். பிறகு அதெல்லாம் அடங்கி, நடுவில் ஒரு பெரிய குமிழி மெதுவாக எழும்பி ‘லொப்’ என்று உடையும். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு லொப். அந்த இரண்டுக்கும் நடுவில் நான் ஒரு மூச்சு இழுத்து விட நேரம் இருந்தால் அதுதான் பதம். கரண்டியைச் சாய்த்தால் ஓடக் கூடாது, ஒட்டிக்கொண்டும் நிற்கக் கூடாது. யோசித்து விழ வேண்டும். இதை யாரும் சொல்லித்தரவில்லை. அடுப்பு முன்னால் தனியாக நின்று வந்ததுதான்.

கொடுக்கிற முறை எஸ்தர் அம்மாவுடையது. நேராக உட்கார வைக்க வேண்டும். முகவாய் மார்பைப் பார்க்க வேண்டும். அரை ஸ்பூன்தான். “பேஷண்டோட தொண்டையைப் பாரு, கிண்ணத்தைப் பார்க்காதே” என்பார். குரல்வளை ஏறி இறங்கிய பிறகு ‘ஆ’ சொல்லச் சொல்ல வேண்டும். குரல் காய்ந்திருந்தால் அடுத்த ஸ்பூன். தண்ணீருக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தால் இன்னொரு தரம் விழுங்கச் சொல்லிக் காத்திருக்க வேண்டும். முடிந்ததும் அரை மணி நேரம் படுக்க விடக் கூடாது. ஒருத்தருக்குக் கொடுத்து முடிக்க முக்கால் மணி ஆகும்.

சுனாமிக்கு மறுவருஷம் ஏகாம்பரம் அண்ணன் வந்தார். ஊர் கோவளம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரொம்ப வருஷம் கப்பலில் இருந்துவிட்டு, அக்கா கன்னியம்மா வீட்டில் ஒரு அறையில் இருந்தார். அலை அந்த வீட்டைக் கொண்டுபோய்விட்டது. அக்காவும் பிள்ளைகளும் தகரக் கொட்டகைக்குப் போனார்கள். அங்கே இருக்கும்போது அண்ணனுக்கு இடது பக்கம் இழுத்துக்கொண்டது. அவரைத் தூக்கிப் புரட்ட அந்தக் கொட்டகையில் இடம் இல்லை. பேச்சு கொஞ்சம் குழறும். விழுங்குவதில் அப்போது குறை இல்லை. சோறுதான் சாப்பிடுவார்.

சக்கர நாற்காலியைச் சமையல்கட்டு வாசலில் நிறுத்தச் சொல்லி, நான் கஞ்சி கிண்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்குக் கூச்சமாக இருக்கும். திரும்பிப் பார்க்கமாட்டேன். ஒரு நாள் அவரே பேசினார்.

“சரோஜாம்மா, நீ இன்னா, சட்டியப் பாக்காம செவுத்தப் பாத்துகினு கிண்டற?”

“சத்தம் கேக்கறேன்ண்ணா.”

“அப்டிச் சொல்லு. நான் ஒரு மாசமாப் பாக்கறேன், லொப்புன்னதும் எறக்கிடற. அந்த சத்தத்துக்கு ஒரு இங்கிலீஷ் பேரு கீது, தெரியுமா?”

தெரியாது என்று தலையை ஆட்டினேன். அவர் சொன்னார்: “லாப்லாலி.”

அண்ணன் அந்தமானுக்கு ஆளேற்றிப் போகும் கப்பலில் ஆஸ்பத்திரி அட்டெண்டராக இருந்தவர். என் வேலைதான், தண்ணீர் மேலே. அந்தக் கப்பலில் ஒரு வயசான டாக்டர், எந்நேரமும் பழைய புத்தகமும் கையுமாக இருப்பாராம். அவர் சொன்ன சொல் இது. பாய் கட்டி ஓட்டிய காலத்து இங்கிலீஷ்காரன் கப்பலில், கெட்டியான கஞ்சிக்கு லாப்லாலி என்று பேர்.

“லாப்னா, கெட்டியா இருக்கறது கொதிக்கிற சத்தமாம். லாலின்னா அவங்க நாட்டுப்புறத்துல கூழு மாதிரி குடிக்கறதுக்கு ஒரு பழைய பேச்சாம். ரெண்டையும் சேத்துட்டான். டாக்டரே சொல்வாரு, இப்டித்தான்னு நெனைக்கறாங்க, பேரு வெக்கும்போது யாரும் பக்கத்துல நிக்கலைன்னு.”

நமக்கு லாலி என்றால் கல்யாண ஊஞ்சல் பாட்டு. அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார். அமெரிக்காவில் சேற்று நிலத்தில் வளர்கிற ஒரு மரத்துக்கும் இதே பேராம். அந்தச் சேறு கஞ்சி மாதிரி இருப்பதால் வைத்தார்களாம்.

“அப்பறம் அந்தக் கஞ்சிய நோயாளிக்கு எடுத்துகினு போற ஆளுக்கும் அதே பேரு ஒட்டிக்கிச்சு. லாப்லாலி பாய். காலைல எழுந்ததும் மருந்து இடிக்கிற உரலத் தட்டிகினு கப்பலச் சுத்தி வருவானாம். ஒடம்பு சரியில்லாதவன்லாம் டாக்டராண்ட வான்னு அர்த்தம். சண்டை வந்துச்சுன்னா கை, கால அறுக்கும்போது புடிச்சிக்கறது அவன்தான். ரத்தத்துல வழுக்காம மணல் தூவறது அவன்தான். அறுத்தத வாளில அள்ளினு போறதும் அவன்தான்.”

“அந்தக் கையாலயா கஞ்சி குடுப்பான்?” என்று கேட்டுவிட்டேன். நானாக ஒருவரிடம் கேள்வி கேட்டது அபூர்வம்.

“நீ இன்னா பண்ற? காலைல பெட்பேன், அப்பறம் கஞ்சி. நடுவுல சோப்பு. அவனுக்கு சோப்பு கெடைக்கல, அவ்ளோதான்.” அவர் வாய் ஒரு பக்கமாகச் சிரித்தது. “டாக்டர் என்னை அப்டித்தான் கூப்புடுவாரு. தலை நரைச்ச அப்பறமும் பாய்தான். நான் ரிட்டயர் ஆயிட்டேன். இனிமே அந்தப் பேரு உனுக்கு.”

அன்றிலிருந்து யாரும் இல்லாதபோது என்னை லாப்லாலி என்றே கூப்பிடுவார். எனக்கு அது பிடித்திருந்தது. நான் செய்கிற வேலைக்கு, அதன் சத்தத்தைக் கேட்டு யாரோ ஒருவர் எப்போதோ பேர் வைத்திருக்கிறார் என்பது.

அடுத்த மழைக்காலத்தில் அண்ணனுக்கு இரண்டாம் தரம் இழுத்தது. இந்தத் தடவை தொண்டையும் போயிற்று. வாரம் ஒரு முறை வரும் டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டும் என்றார். குழாய் போட்டவர்களை வைத்துக்கொள்வதில்லை என்று எங்கள் இல்லத்தில் விதி இருந்தது. ஆஸ்பத்திரிக்கோ வீட்டுக்கோ அனுப்பிவிடுவார்கள். அண்ணனுக்கு வீடு எங்கே இருந்தது?

அவர் என் கையைப் பிடித்தார். வார்த்தை ஒவ்வொன்றாக வந்தது. “குழாய் வாணாம். கப்பல்ல நான் எத்தினி பேருக்கு வுட்டிருக்கேன். தெரியும் எனுக்கு.”

எஸ்தர் அம்மா டாக்டரிடம், “ஒரு வாரம் டைம் கொடுங்க டாக்டர். சரோஜா கஞ்சியில பார்க்கலாம்” என்றார். என் பேரை அவர் வேறொருவரிடம் சொல்லி அதுதான் முதல் தடவை. அந்த ஒரு வாரம் ஐந்து மாதம் ஆயிற்று. நாளுக்கு நாலு வேளை. தண்ணீரைக்கூடக் கஞ்சியில் கலந்துதான் கொடுத்தேன். ஜுரம் இல்லை. எங்கள் இல்லத்தில் தன் கட்டிலிலேயே இருந்தார்.

கன்னியம்மா அக்கா மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வருவார். கோவளத்தில் பஸ் ஏறி, கேளம்பாக்கம், வண்டலூர் என்று மாறி மாறி வந்து சேரும்போதே கூடத்தில் குரல் கேட்கும். மீன் விற்ற குரல். எங்களுக்கெல்லாம் வறுத்த மீன் கொண்டு வருவார். நான் கொடுக்கும் கஞ்சியைப் பார்த்தாலே அவருக்கு ஆகாது.

“இன்னாம்மே இது, போஸ்டர் ஒட்டற பசையா? கடல்ல பொறந்தவன்டி அவன். ஒரு சொட்டுத் தண்ணி காட்டாம காய வெச்சிருக்கீங்களே, கருவாடா அவன்?”

எஸ்தர் அம்மா அவரிடம் இரண்டு குழாய் வரைந்து காட்டினார். அக்கா தலையை ஆட்டினார். ஏற்றுக்கொள்ளவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

பங்குனி வெயிலில் ஒரு ஞாயிறு. எஸ்தர் அம்மா சர்ச்சுக்குப் போயிருந்தார். நான் துவைத்த விரிப்புகளோடு அறைக்குள் வந்தேன். அக்கா ஒரு இளநீரைச் சீவிச் சொம்பில் ஊற்றி வைத்திருந்தார். அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் தானாகத் திறந்திருந்தது. அந்த மாதிரி ஒரு தாகத்தை நான் யார் முகத்திலும் பார்த்ததில்லை.

வேணாம்க்கா என்ற வார்த்தை என் தொண்டை வரைக்கும் வந்தது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். “இன்னா பாக்கற? தம்பிக்கு ரெண்டு முழுங்கு. ஒண்ணும் ஆவாது.” நான் விரிப்புகளை அடுக்கினேன். ஓரத்தோடு ஓரம் சேர்த்து நன்றாக அடுக்கினேன். இரண்டு விழுங்கு இல்லை, மூன்று. எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். அவர் இருமவில்லை. இருமாததை வைத்து, ஒன்றும் ஆகவில்லை என்று என் மனசைச் சமாதானம் செய்துகொண்டேன். இருமாமலே இறங்கும் என்று எஸ்தர் அம்மா எனக்கு ஒரு தரமல்ல, பல தரம் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் அவர் வந்தபோதும் நான் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை ஜுரம் அடித்தது. நெஞ்சில் கொரகொரவென்று சத்தம். எஸ்தர் அம்மா எங்கள் எல்லோரையும் கூடத்துக்குக் கூப்பிட்டார். “யார் என்ன கொடுத்தது?” என்றார். இன்னொரு தரம் அதே குரலில் கேட்டார். நான் லீவில் இருந்த திங்கட்கிழமை கஞ்சி கொடுத்தவள் முனியம்மா. அவளைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். அவள் அழ ஆரம்பித்தாள்.

“இளநீர்ம்மா. அவங்க அக்கா குடுத்தாங்க. நான் பார்த்தேன். ஒண்ணும் சொல்லலை” என்றேன்.

அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். “உனக்குத் தெரியும். தெரிஞ்சவ பார்த்துட்டுச் சும்மா இருந்தா, அது நீ கொடுத்த மாதிரிதான் சரோஜா.” கடிகாரத்தைப் பார்த்தார். “ஆட்டோ வருது. நீ கூடப் போ. நீதான் அவர்கூட இருக்கணும்.”

ஆஸ்பத்திரியில் குழாய் போட்டார்கள். அண்ணன் என்னைப் பார்த்தபடியே இருந்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். கோபம் இருந்தால் தேவலை என்று இருந்தது. கன்னியம்மா அக்கா வந்ததும் வார்டு வராந்தாவில் வைத்து நடந்ததைச் சொன்னேன், இளநீர்தான் காரணம் என்று. அவர் சத்தம் போடுவார் என்று நினைத்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“நீ அங்கியேதான இருந்த? ஒரு வார்த்த சொன்னா நான் உன்ன அடிச்சா போட்டிருப்பேன்?”

“சொல்லியிருக்கணும்க்கா.”

“அவன் கேக்கல தெரியுமா. நான்தான் அவன் வாய்ல வெச்சேன்.” நானும் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

ஒன்பது நாளில் நெஞ்சு தெளிந்தது. குழாயோடு வந்தால் இல்லத்தில் இடம் இல்லை. எஸ்தர் அம்மா ஆஸ்பத்திரி டாக்டரிடம் பேசினார். அவர் சின்ன வயசுக்காரர். குழாயை எடுத்துவிட்டுத் தன் எதிரில் பத்து ஸ்பூன் விழுங்கட்டும், ஒரு ஸ்பூன் பிசகினாலும் திரும்பக் குழாய்தான் என்றார்.

வீட்டில் கிண்டிக் கேரியரில் எடுத்துப்போன கஞ்சி ஆறிக் கட்டியாகிவிட்டது. நர்ஸுகள் டீ போடுகிற அறையில் கரண்ட் அடுப்பு இருந்தது. வெந்நீர் விட்டு அதை அங்கேயே கிண்டினேன். கதவருகே டாக்டர், இரண்டு நர்ஸ், எஸ்தர் அம்மா, கன்னியம்மா அக்கா. என் முதுகு முழுக்க அவர்கள் கண்கள்.

“போதும்மா, கெட்டியாத்தான் இருக்கு. எனக்கு ரவுண்ட்ஸ் இருக்கு” என்றார் டாக்டர்.

குமிழி இன்னும் சடசடத்துக்கொண்டிருந்தது. எஸ்தர் அம்மா எனக்காகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பேசவில்லை.

“இன்னும் ஆகலை சார்” என்றேன். திரும்பாமலே சொன்னேன், ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

சுவரைப் பார்த்தபடி கிண்டினேன். அப்புறம் லொப் என்றது. ஒரு மூச்சு விட்டேன். இன்னொரு லொப். இறக்கினேன்.

ஆறு ஸ்பூன் சரியாகப் போயிற்று. ஏழாவதில் ‘ஆ’ என்றபோது குரல் ஈரமாக இருந்தது. டாக்டர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். இதை இப்போது எழுதும்போதும் எனக்குக் காது சுடுகிறது. “அண்ணா, இன்னொரு தரம் முழுங்குங்க. அவசரமில்லை” என்றேன். குரல்வளை பாதி ஏறி நின்றது. பிறகு முழுக்க ஏறி இறங்கியது. ஆ என்றார். காய்ந்த குரல். எட்டு, ஒன்பது, பத்து.

டாக்டர் அட்டையில் எழுதிவிட்டுப் போனார். அண்ணனுக்குப் பேச்சு அவ்வளவாக இல்லை அப்போது. உதட்டைக் குவித்துக் காற்றாகச் சொன்னது எனக்கு மட்டும் புரிந்தது. லாப்லாலி.

ஜெனிபர், நோட்டீஸ் போர்டுக்கு இதுவரை போதும். மீதி ஒட்டுவதற்கு இல்லை.

அதற்கப்புறம் அண்ணன் பத்து மாதம் எங்கள் இல்லத்தில் இருந்தார். அக்கா வரும் ஞாயிறுகளில் அவரே கஞ்சி கொடுப்பார். அரை ஸ்பூன், முகவாய், ஆ. “இன்னாடா, சத்தமாச் சொல்லு ஆன்னு, மீன் ஏலம் கூவற மாதிரி” என்பார். அண்ணனுக்குச் சிரித்துப் புரையேறிவிடுமோ என்று நான் பயந்துகொண்டே நிற்பேன். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அவர் கொண்டு வரவில்லை. எதற்கும் என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் செய்வார்.

கடைசியில் தொண்டை அல்ல, இதயம்தான் நின்றது. தை மாதம், மத்தியானம். காலையிலேயே எஸ்தர் அம்மா சொல்லி அனுப்பியதில் அக்கா வந்து சேர்ந்துவிட்டார். மூச்சு நீண்டு நீண்டு வந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவில் நேரம் கூடிக்கொண்டே போயிற்று. நான் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அக்கா முந்தானைக்குள்ளிருந்து ஒரு சின்னச் செம்பை எடுத்தார். கோவளத்திலிருந்து சிந்தாமல் கொண்டு வந்த தண்ணீர். போகிறவர் வாயில் சொந்தக்காரர் கையால் ஒரு வாய் ஊற்றுவது அவர்கள் வழக்கம். எங்கள் வழக்கமும்தான். செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா என்னைப் பார்த்தார்.

“ஊத்தலாமா தங்கச்சி?”

நான் எஸ்தர் அம்மாவைப் பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனுடைய தொண்டையைப் பார்த்தேன். அது அசையவில்லை. இன்னொரு மூச்சுக்காகக் காத்திருந்தேன். வந்தது. அதற்கடுத்ததற்குக் காத்திருந்தேன்.

“ஊத்துங்கக்கா” என்றேன்.

அக்கா ஊற்றினார். தண்ணீர் உள்ளே நின்று, உதட்டோரமாக வழிந்து, கழுத்தில் இறங்கியது. எந்த வேளைக் கஞ்சியிலும் ஒரு சொட்டுச் சிந்தினால் துடைத்துவிடுகிற துணி என் தோளில் இருந்தது. அன்றைக்கு நான் துடைக்கவில்லை.